கல், மூங்கில், மண்வெட்டி... காமா பயில்வானின் ஹோம் ஜிம்!

ஜிம்முல சேரணும்னு முடிவு பண்ணின அன்னிக்கே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். மாசக் கட்டணம் எவ்வளவு, ஷூ எவ்வளவு, புரோட்டீன் பவுடர் டப்பா எவ்வளவு? சோழவந்தான் மாதிரி ஊர்ல இருந்தா இன்னொரு கணக்கும் சேர்ந்துக்கும். எல்லா மெஷினும் இருக்கிற பெரிய ஜிம் வேணும்னா இருபது கிலோமீட்டருக்கு மேல தாண்டி மதுரைக்குள்ள போகணும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கடைசியில, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு போனை எடுத்து ரீல்ஸ்ல மத்தவங்க வொர்க் அவுட் பண்றதைப் பார்த்துட்டுத் தூங்கிடுவோம்.

இந்தக் கணக்கு எதுவும் இல்லாம, கல்லையும் கட்டையையும் மண்ணையும் வெச்சே உடம்பை உருவாக்கின ஒருத்தர் இருந்தார். ஐந்தடி ஏழங்குல உயரம்தான். லண்டன்ல குள்ளமா இருக்கார்னு சேர்க்கவே மறுத்தாங்க. அதே லண்டன்ல இருந்து உலக சாம்பியன் பெல்ட்டோட திரும்பி வந்தார். 2022 மே 22 அன்னிக்கு கூகுள் திறந்தவங்க அவரோட டூடுலைப் பார்த்திருக்கலாம். அன்னிக்கு அவருக்கு 144-வது பிறந்தநாள். பேர், காமா பயில்வான்.

அவரோட கதையில நமக்கு உதவுற விஷயம் ரெண்டு. ஒண்ணு, உடற்பயிற்சிக் கருவிக்குக் காசே தேவையில்லைங்கிறது. இன்னொண்ணு, காசு உண்மையில எங்கே தேவைப்படும்ங்கிறது. இந்த ரெண்டாவதைத்தான் பலரும் சொல்லாம விட்டுடுறாங்க.

அப்பா இல்லாத பையன்

காமாவோட முழுப் பெயர் குலாம் முகமது பக்ஷ் பட். 1878-ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். காஷ்மீரைப் பூர்வீகமாகக் கொண்ட குஸ்திக் குடும்பம். அப்பா அஜீஸ் பக்ஷும் பயில்வான்தான். ஆனா, காமா சின்னப் பையனா இருக்கும்போதே அவர் இறந்துட்டார். தாய்வழித் தாத்தாவும், அவருக்குப் பிறகு தாய்மாமாவும்தான் பையனை கோதாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

கோதாங்கிற சொல் நமக்குப் புதுசு இல்ல. பயில்வான், குஸ்தி, உஸ்தாத், கஸரத், தண்டால், பஸ்கி எல்லாமே நம்ம தாத்தாக்கள் புழங்கின வார்த்தைகள்தான். வட இந்தியாவுல அகாரான்னு சொல்ற அந்த மண் களம், நம்ம ஊர்ல கோதா. அங்கே ட்ரெட்மில் கிடையாது, கண்ணாடிச் சுவர் கிடையாது. தோண்டிப் பதமாக்கின மண், ஓரத்துல சில கற்கள், சில கட்டைகள். அவ்வளவுதான்.

காமா முதல்ல ஊர் கவனத்துக்கு வந்தது பத்து வயசுல. 1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். குஸ்தி இல்ல, பஸ்கி போட்டி. யார் அதிக நேரம் உட்கார்ந்து எழுந்துகிட்டே இருக்காங்கன்னு பார்க்கணும். நாடு முழுக்க இருந்து வந்த 400-க்கும் அதிகமான பயில்வான்கள் கலந்துகிட்டாங்க. ஒவ்வொருத்தரா விழுந்தாங்க, விலகினாங்க. கடைசியில நின்ன 15 பேர்ல இந்தப் பத்து வயசுப் பையனும் ஒருத்தன். வயசைக் கணக்குல எடுத்துகிட்டு, வெற்றி இவனுக்குத்தான்னு மகாராஜா அறிவிச்சார்.

கவனிச்சீங்களா? காமாவை உலகத்துக்குக் காட்டின முதல் போட்டிக்கு எந்தக் கருவியும் தேவைப்படல. ரெண்டு கால், நிற்க ஓர் இடம், விடாப்பிடி. பஸ்கிக்கு இன்னிக்கும் இவ்வளவுதான் தேவை.

அதுக்குப் பிறகு ததியா சமஸ்தான மகாராஜா இந்தப் பையனைத் தன் பொறுப்புல எடுத்துகிட்டார். சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரண்மனைச் செலவு. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அந்தக் காலத்து ஜிம்முல என்னென்ன இருந்துச்சு?

காமா புழங்கின பயிற்சிக் கருவிகளைப் பார்த்தா, ஒண்ணுகூட கடையில வாங்கினது மாதிரி இருக்காது. பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கல்தச்சரும் தச்சரும் செஞ்சு கொடுத்தவை, இல்லைன்னா பயில்வான்களே உருவாக்கிகிட்டவை.

முதல்ல மண்வெட்டி. கோதா மண்ணை தினமும் தோண்டிப் புரட்டிப் போடுறதே ஒரு பயிற்சி. தண்டால் தள்ளுற வேலை. மண்வெட்டி இழுக்கிற வேலை. ரெண்டும் சேர்ந்தாத்தான் முதுகும் நெஞ்சும் சமமா வளரும். சோழவந்தான்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம வெற்றிலைக்குப் பின்னால, கொடிக்கால்ல குனிஞ்சு மண் வெட்டி அணைக்கிறவங்க முதுகு இருக்கு. ஒரு மணி நேரம் அவங்களோட சேர்ந்து வெட்டிப் பாருங்க, எந்த ரோயிங் மெஷினும் தோத்துடும்.

ரெண்டாவது, கதாயுதம். நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில உருண்டைக் கல். ஆஞ்சநேயர் கையில இருக்கிறதேதான். இதைத் தலைக்குப் பின்னால கொண்டுபோய், முதுகைச் சுத்தி, தோளுக்கு மேல திருப்பி வீசணும். இதுல ஒரு எளிய பௌதிகம் இருக்கு. 4 கிலோ டம்பெல்லைப் பிடிச்சா எடை உங்க உள்ளங்கையிலேயே இருக்கும். அதே 4 கிலோ, கையில இருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கழியோட நுனியில இருந்தா, நெம்புகோல் கணக்குப்படி மணிக்கட்டு, முழங்கை, தோள், வயிறுன்னு எல்லாமே சேர்ந்து வேலை செஞ்சாத்தான் அடங்கும். சின்ன எடையில பெரிய பயிற்சி. கல்லும் மூங்கிலும் மட்டும் இருக்கிற ஊர்ல கண்டுபிடிச்ச புத்திசாலித்தனம் இது.

மூணாவது, கர்லாக்கட்டை. இது நம்ம ஊர் சிலம்பக் கூடங்கள்லயும் இருக்கு. இந்தியாவுல இதைப் பார்த்த பிரிட்டிஷ்காரங்க, 19-ம் நூற்றாண்டுல தங்கள் ராணுவப் பயிற்சியில சேர்த்தாங்க. அப்படியே ஐரோப்பா, அமெரிக்கான்னு பரவி, இந்தியன் கிளப்ஸ்ங்கிற பேர்ல பள்ளிக்கூடங்கள் வரைக்கும் போச்சு. 1904, 1932 ஒலிம்பிக்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ்ல கட்டை சுழற்றுறது ஒரு பதக்கப் போட்டியாவே இருந்திருக்கு. நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற கட்டைக்கு ஒலிம்பிக் வரலாறு இருக்குங்க!

நாலாவது, ஹஸ்லி. நடுவுல ஓட்டை போட்ட கல் வளையம். கழுத்துல மாலை மாதிரி போட்டுகிட்டு பஸ்கியோ தண்டாலோ எடுக்கணும். இன்னிக்கு எடை ஜாக்கெட்னு ஆன்லைன்ல விற்கிறாங்களே, அதோட தாத்தா. காமா பஸ்கிக்குப் பயன்படுத்தினதா சொல்ற சுமார் 95 கிலோ வளையம் பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்துல இருக்கு.

இதெல்லாம் போக, நம்ம பக்கத்து ஊர்கள்ல இளவட்டக்கல் இருக்கு. மந்தையிலயோ கோயில் வாசல்லயோ கிடக்கும் அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால போடுற இளைஞனுக்குத்தான் பொண்ணுன்னு ஒரு காலத்துல பேச்சு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில இன்னிக்கும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்குது. பெண்களும் தூக்குறாங்க.

5,000 பஸ்கியும் பரோடா கல்லும்

காமாவோட தினசரிப் பயிற்சியைப் பத்திச் சொல்ற கணக்கு தலை சுத்த வைக்கும். 5,000 பஸ்கி, 3,000 தண்டால், அதுக்கு மேல 40 பயில்வான்களோட மோதல். ரெண்டு விநாடிக்கு ஒரு பஸ்கின்னு வெச்சாலே, 5,000 முடிக்க ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும். எண்ணிக்கையில கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனா, ஒரு நாள் முழுக்க உடம்புக்காகவே வாழ்ந்தவர்ங்கிறதுல சந்தேகம் இல்ல.

அடுத்து, பரோடா. 1902 டிசம்பர்ல அங்கே ஒரு பெரிய கல்லைத் தூக்கினார் காமா. அந்தக் கல் இப்போ வதோதரா அருங்காட்சியகத்துல இருக்கு. அதுல 1,200 கிலோன்னு பொறிச்சிருக்காங்க. இதைப் படிச்சதும் ஷேர் பண்ணத் தோணும். கொஞ்சம் நில்லுங்க. எல்லா நவீன வசதியோடவும் ஒரு மனுஷன் டெட்லிஃப்ட்ல 500 கிலோவைத் தொட்டதே 2016-லதான். அதனால 1,200 கிலோவைத் தரையில இருந்து முழுசாத் தூக்கினார்ங்கிறதை அப்படியே ஏத்துக்கிறது கஷ்டம். ஒரு பக்கத்தை மட்டும் கிளப்பியிருக்கலாம், சாய்ச்சிருக்கலாம். அதுவே சாதாரண விஷயம் இல்ல.

இதை இங்கே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வாட்ஸ்அப்ல வர்ற எண்ணைப் பார்த்து, நாமளும் முதல் நாளே இளவட்டக்கல்லைத் தூக்கப் போனா, இடுப்பு பிடிச்சிக்கும். காமா பத்து வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, இருபத்தி நாலு வயசுலதான் அந்தக் கல் பக்கம் போனார். நடுவுல பதினைஞ்சு வருஷம் இருக்கு.

லண்டன் மூடின கதவு

இந்தியாவுக்குள்ள காமாவுக்கு ஈடு கொடுத்த ஒரே ஆள், குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. கிட்டத்தட்ட ஏழடி உயரம்! ஐந்தடி ஏழங்குலக் காமா அவர் முன்னால நின்னா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இருந்தும் ரெண்டு பேரும் மோதின ஆரம்ப ஆட்டங்கள் சமன்லதான் முடிஞ்சது.

1910-ல் காமா, தம்பி இமாம் பக்ஷோட கப்பல் ஏறி லண்டன் போனார். அங்கே நடந்த உலக சாம்பியன்ஷிப்ல கலந்துக்கிறதுதான் திட்டம். ஆனா, உயரம் போதாதுன்னு சேர்த்துக்கவே இல்ல.

வேற யாரா இருந்தாலும் அடுத்த கப்பலைப் பிடிச்சிருப்பாங்க. காமா ஒரு தியேட்டர் மேடையில சவால் விட்டார். எந்த எடைப் பிரிவுல இருந்தும் எந்த மூணு பேர் வேணும்னாலும் வரட்டும், முப்பது நிமிஷத்துக்குள்ள மூணு பேரையும் வீழ்த்துறேன்னு. முதல்ல யாரும் நம்பல, ஏமாத்து வேலைன்னு நினைச்சாங்க. பிறகு அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவர் ஒரு டாக்டரும்கூட. முதல் சுற்றுல ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ரோலர் தரையில. ரெண்டாவது சுற்றுல பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடியும் தரையில. கதவு திறந்துச்சு.

1910 செப்டம்பர் 10. எதிரே போலந்தைச் சேர்ந்த ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. உலகத்தின் முன்னணி மல்லர்கள்ல ஒருத்தர், காமாவைவிட ரொம்ப கனமானவர். ஆட்டம் ஆரம்பிச்ச உடனே காமா அவரைக் கீழே தள்ளினார். அதுக்குப் பிறகு ஸ்பிஸ்கோ தரையோட தரையா படுத்துகிட்டார். புரட்டவே முடியாதபடி, ரெண்டரை மணி நேரம்! கடைசியில ஆட்டம் சமன். ஒரு வாரம் கழிச்சு, செப்டம்பர் 17-ல் மறுபடியும் மோதணும். காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரல. ஜான் புல் பெல்ட் காமாவுக்கு.

அடிமை நாட்டுல இருந்து போன ஒருத்தர், ஆளுற நாட்டோட தலைநகர்ல வாங்கின பெல்ட் அது. அன்னைக்கு அதோட அர்த்தம் வெறும் விளையாட்டு இல்ல. ஊர் திரும்பினதும் அலகாபாத்துல ரஹீம் பக்ஷோட மறுபடியும் மோதினார். இந்த முறை ஜெயிச்சார். ருஸ்தம்-ஏ-ஹிந்த்ங்கிற பட்டம் வந்துச்சு.

அதே நேரத்துல வெளிநாட்டுல...

காமா கல்லோட மல்லுக்கட்டிகிட்டிருந்த அதே வருஷங்கள்ல, ஐரோப்பாவுல உடற்பயிற்சி ஒரு வியாபாரமா மாறிகிட்டு இருந்துச்சு. யூஜின் சாண்டோங்கிற பலசாலி, ஸ்பிரிங் வெச்ச டம்பெல், ரப்பர் இழுவைக் கருவின்னு தன் பேர்ல வித்தார். இந்தியாவுக்கும் வந்து மேடைகள்ல உடம்பைக் காட்டினார். நம்ம சாண்டோ சின்னப்பா தேவர் பேருக்கு முன்னால இருக்கிற சாண்டோ, இவர்கிட்ட இருந்து வந்ததுதான்.

இன்னொருத்தர், ஜோசப் பிலாட்டஸ். நடிகைகளோட ரீல்ஸ்ல பார்க்கிறோமே, ஸ்பிரிங் வெச்ச கட்டில் மாதிரி ஒரு மெஷின், அதோட தந்தை. ஜெர்மன்காரரான இவர், முதல் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துல மாட்டிகிட்டு, ஐல் ஆஃப் மேன் தீவு முகாம்ல அடைக்கப்பட்டார். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டில் ஸ்பிரிங்குகளை வெச்சுப் பயிற்சி கொடுத்ததுல இருந்துதான் அந்த மெஷினுக்கான யோசனை பிறந்ததுன்னு சொல்றாங்க. கைதி முகாம்ல ஓசியில கிடைச்ச ஸ்பிரிங், இன்னிக்கு பெருநகர ஸ்டூடியோவுல மணிக்கணக்குல காசு. கையில இருக்கிறதை வெச்சு உடம்பைக் கவனிச்சுக்கிற யோசனை எல்லா ஊர்லயும் இருந்திருக்கு. அதுக்கு பில் போட்டது பிறகுதான்.

ஒரே நிமிஷம்

1928 ஜனவரி. பாட்டியாலா மகாராஜா, காமாவையும் ஸ்பிஸ்கோவையும் மறுபடி எதிரெதிரே நிறுத்தினார். பதினேழு வருஷக் கணக்கு. காமாவுக்கு 49 வயசு, ஸ்பிஸ்கோவுக்கும் கிட்டத்தட்ட அதேதான். பல்லாயிரம் பேர் கூடிட்டாங்க. லண்டன்ல ரெண்டரை மணி நேரம் இழுத்த ஆட்டம், இங்கே ஒரு நிமிஷம்கூட நீடிக்கல. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார்.

49 வயசுல அந்த வேகம் எங்கே இருந்து வந்துச்சு? புது மெஷின் எதுவும் வரல. நாற்பது வருஷமா அதே பஸ்கி, அதே தண்டால், அதே மண். பிறகு வந்த தலைமுறையில புரூஸ் லீகூட காமாவோட பயிற்சி முறையைப் பத்திப் படிச்சு, தண்டாலைத் தன் பயிற்சியில சேர்த்துகிட்டதா சொல்வாங்க.

லாகூரில் கடைசி வருஷங்கள்

1947-ல் நாடு பிரிஞ்சது. காமா லாகூர்ல இருந்தார். கலவரக் கும்பல் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்தப்போ, தன் பயில்வான்களோட குறுக்கே நின்னு அவங்களைக் காப்பாத்தினார். பல வருஷம் கஸரத் எடுத்த உடம்புக்குக் கிடைச்ச உண்மையான வேலை அதுதான்னு தோணுது. பெல்ட்டைவிடப் பெரிய விஷயம்.

ஆனா, அந்தப் பிரிவினை காமாவோட வாழ்க்கையையும் புரட்டிப் போட்டுச்சு. சமஸ்தானங்கள் போச்சு. மகாராஜாக்களோட ஆதரவு போச்சு. நோய் வந்துச்சு, வறுமை வந்துச்சு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து தொழிலதிபர் ஜி.டி.பிர்லா பணம் அனுப்பி உதவினதா சொல்றாங்க. 1960 மே 23-ல், தன் 82-வது பிறந்தநாளுக்கு மறுநாள், லாகூர்ல காமா இறந்தார்.

இங்கேதான் ததியா மகாராஜா வர்றார். காமாவோட சாப்பாட்டைப் பத்தியும் பெரிய கணக்கு உண்டு. தினமும் பத்து லிட்டர் பால், கூடை கூடையா பழம், நெய், பாதாம் அரைச்ச பானம், கோழிகள். மிகைப்படுத்தல் இருக்கட்டும், பாதின்னே வெச்சுப்போம். ஒரு சாதாரணக் குடும்பத்தால அதைக் கொடுத்திருக்க முடியுமா? கல் இலவசம், மண் இலவசம், மூங்கில் இலவசம். சாப்பாடு இலவசம் இல்ல. அதை யாரோ ஒருத்தர் கொடுத்தார். கொடுத்தவர் போனதும் உலக சாம்பியனே தவிச்சார்.

அதனால நமக்கான கணக்கு ரொம்ப எளிது. கருவியில மிச்சம் பிடிங்க. சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும் மிச்சம் பிடிக்காதீங்க. மாசம் ஜிம்முக்குக் கட்டப்போற காசு முட்டையாவும் கடலையாவும் பாலாவும் தட்டுக்கு வரட்டும். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் நிலக்கடலையில சுமார் 25 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலுக்கு எந்த டப்பாவும் வேணாம்.

வீட்டிலேயே செய்யலாம்!

செங்கல் தண்டால்: ரெண்டு செங்கலைத் தோள் அகலத்துக்கு வெச்சு, மேல பழைய துணி சுத்துங்க. கையை அதுல ஊன்றித் தண்டால் எடுத்தா, நெஞ்சு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். கோதாக்கள்லயும் இப்படித்தான். செங்கல் ஆடாம இருக்கணும், அது முக்கியம். தரையில பத்து தண்டால் எடுக்க முடியலைன்னா, முதல்ல திண்ணையில கை ஊன்றி ஆரம்பிங்க.

மணல் பாட்டில், மணல் பை: ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பினா 1 கிலோ. காய்ஞ்ச மணல் நிரப்பினா சுமார் ஒன்றரை கிலோ. 5 லிட்டர் எண்ணெய் கேன்ல தண்ணி, 5 கிலோ. பழைய ஸ்கூல் பேக்ல மணல் பொட்டலங்களை அடுக்கி முதுகுல மாட்டிகிட்டா, அதுதான் உங்க ஹஸ்லி. முதல்ல 3 கிலோ, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு கிலோன்னு ஏத்துங்க. மணலுக்காக வைகையில இறங்கிடாதீங்க. ஆத்து மணல் அள்ளுறது குத்தம். வீடு கட்டுற இடத்துல கேட்டா ஒரு சட்டி எம்-சாண்ட் கிடைக்கும்.

சிமென்ட் கதாயுதம்: இதுதான் நம்ம ஸ்டார். மூணடி நீள முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒண்ணு, கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்லாத பிளாஸ்டிக் பந்து ஒண்ணு, சிமென்ட், மணல், குருணை ஜல்லி. பைப்போட ஒரு நுனியில குறுக்கா ரெண்டு ஓட்டை போட்டு, போல்ட் மாட்டுங்க. இந்த போல்ட் இல்லைன்னா ஒரு நாள் உருண்டை தனியாப் பறக்கும், யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. பந்துல ஓட்டை போட்டு, ஒரு பங்கு சிமென்ட், ரெண்டு பங்கு மணல், ரெண்டு பங்கு ஜல்லிக் கலவையை அழுத்தி நிரப்புங்க. போல்ட் இருக்கிற நுனியை உள்ளே இறக்கி, பைப் நேரா நிற்கிற மாதிரி முட்டுக் கொடுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பந்தைக் கிழிச்சு எடுத்துட்டு, ஒரு வாரம் ஈரச்சாக்கு சுத்தி வெச்சு நனைங்க. ஈர சிமென்ட் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க. கைப்பிடியில பழைய சைக்கிள் டியூப் சுத்தினா வழுக்காது.

பந்தோட குறுக்களவு 12 சென்டிமீட்டர்னா உருண்டை சுமார் 2 கிலோ வரும். 15 சென்டிமீட்டர்னா சுமார் 4 கிலோ. பார்க்கக் கம்மியாத் தோணும். நெம்புகோல் கணக்கை மறந்துடாதீங்க, முதல் தடவைக்கு 2 கிலோவே தாராளம். மின்விசிறி, டியூப்லைட் இருக்கிற ரூம்ல வேணாம். தென்னந்தோப்போ மொட்டை மாடியோ சரி, சுத்தி யாரும் இருக்கக் கூடாது. முக்கியமா குழந்தைங்க. சுத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உருண்டையில விரிசல் இருக்கான்னு பாருங்க.

கர்லாக்கட்டை: இதை நீங்களே செதுக்க வேணாம். கடைசல் பட்டறையில சொன்னா கடைஞ்சு கொடுப்பாங்க. ஆனா, சுத்துற முறையை ஒரு சிலம்ப ஆசான்கிட்ட நேர்ல கத்துக்கோங்க. வீடியோ பார்த்துச் சுத்தினா முதல்ல அடி வாங்குறது உங்க முழங்காலும் நெத்தியும்தான்.

எப்படி ஆரம்பிக்கலாம்? வாரத்துக்கு மூணு நாள். கை, கால், தோளை அஞ்சு நிமிஷம் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்க. 20 பஸ்கி, 8 தண்டால், கதாயுதம் ஒவ்வொரு பக்கமும் 10. கொஞ்சம் ஓய்வு எடுத்துட்டு மறுபடியும் ஒரு சுற்று. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்க. முட்டி வலிச்சா பஸ்கியில பாதி ஆழம் போதும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஏற்கெனவே பிபி, இதயப் பிரச்னை, முதுகுத் தண்டுப் பிரச்னை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். காமாவோட 5,000-ஐ மறந்துடுங்க. உங்க எதிராளி ஸ்பிஸ்கோ இல்ல, போன வாரத்து நீங்க.

பாட்டியாலா அருங்காட்சியகத்துல இருக்கிற அந்தக் கல் வளையத்துக்கு பிராண்ட் பேர் கிடையாது, வாரன்டி கிடையாது, ஆப் கிடையாது. தினமும் அதைக் கழுத்துல போட்ட ஓர் ஆள் இருந்தார், அதனால அது அருங்காட்சியகத்துக்குப் போச்சு. நம்ம ஊர் மந்தையில கிடக்கிற கல்லும் அதே மாதிரி கல்தான். நாளைக்குக் காலையில ரெண்டு செங்கலை எடுத்து வெச்சு ஆரம்பிங்க. ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப் போட மறந்துடாதீங்க!